ஒரு ரிங் விட்டு வைத்துவிடவும்

துடியலூர் தனபாலுக்குக் கைத்தொழில் ஒன்று, கைச்செலவு ஒன்று. கைத்தொழில், கருகிப்போன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது. பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஓடவிட்டுக் காட்டிவிடுவான். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கைச்செலவு, விளம்பரம். அதில் குற்றம் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இதை ஊரார் சொல்லவில்லை. தனபாலே வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

போன வருஷம் ஆட்டோவில் மைக் கட்டினான். ஆள் வைத்துப் பேசினால் செலவு என்று தன் குரலிலேயே கேசட்டில் பதிந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் மூன்று நாள் ஓடவிட்டான். "துடியலூர் தனபால்..." என்று தொடங்கி, அங்கே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மீதியைச் சொல்லியிருந்தான். பிறவியிலேயே அவனுக்குக் கொஞ்சம் அழுகைக் குரல். ஆட்டோ தாண்டிப் போவதற்குள் பாதிப் பேர் காதில் விழுந்தது பெயரும் பெருமூச்சும் மட்டும்தான். இரண்டாம் நாள் காலையில் வெள்ளக்கிணற்றிலிருந்து ஒருவர் மாலையோடு வந்து இறங்கினார். கதவைத் திறந்தது தனபால். வந்தவர் மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு," என்றார். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். தனபாலின் மனைவி சாந்தாமணிக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை.

அதோடு ஆசை அடங்கியிருக்கும். அடங்கவிடாமல் செய்தது அவள் அண்ணன் செங்கோட்டையன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம், பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டின் மேலேயே அவர் கடை திறந்தார். ஒரு மோட்டார் கம்பெனியின் ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, நாலு மெக்கானிக், காயில் காயவைக்கத் தனியாக ஒரு மின்சார அடுப்பு. திறப்பு விழாவில் எல்லோருக்கும் நடுவில் தனபாலின் தோளில் கையைப் போட்டு, "மாப்ள, நீங்க எதுக்குங்க அந்தத் தகரக் கொட்டாயில கெடந்து வேகறீங்க? சித்திரை ஒண்ணாந்தேதி நல்ல நாளு. கடையச் சாத்திப்போட்டு இங்கயே வந்துருங்க. சூப்ரவைசர்னு போட்டரலாம்," என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் திருப்பிப் பேசலாம். தனபால், "பாக்கலாமுங்க மச்சான்," என்றான். பெண் கொடுத்த வீட்டின் மூத்தவர் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பிறகு இரண்டு தடவை கேட்டபோதும் அதையே சொன்னான். செங்கோட்டையன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள மாட்டாரா பின்னே?

தனபாலுக்கோ அந்தத் தகரக் கொட்டாய்தான் உயிர். 'தனபால் ரீவைண்டிங் ஒர்க்ஸ்' என்று பெயிண்டால் எழுதியது அவன் கைதான். எழுத்து வலது பக்கம் போகப்போகச் சரிந்துகொண்டே போகும். சரிந்தாலும் அது அவன் பெயர். அதன் கீழே பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்தவன், இன்னொருத்தர் போர்டுக்குக் கீழே போய், மச்சான் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பதா? சித்திரைக்குள் கடையில் வேலை குவிந்துவிட்டால், அதைக் காட்டியே தப்பித்துவிடலாம். மாட்டேன் என்று வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அவன் கணக்கு இவ்வளவுதான்.

வேலை ஏன் குவியவில்லை என்று யோசித்தான். ஒற்றை ஆள் கடை. மோட்டார் மாட்டத் தோட்டத்துக்குப் போனால் கடை பூட்டு. வருகிறவன் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறான். ஆக, கடை எங்கே போனாலும் கூடவே வர வேண்டும். அதற்கு வழி செல்போன். அப்போது துடியலூரில் செல் வைத்திருந்தவர்கள் ஒரு கை விரலில் அடங்குவார்கள். தனபால் ஆறாவது விரல் ஆனான். சாந்தாமணியிடம் தொழிலுக்கு முதலீடு என்றான். "மைக்கு செட்டும் அப்படித்தானுங்க சொன்னீங்க," என்றாள் அவள்.

போன் மட்டும் போதுமா? விஷயம் தெரிய வேண்டாமா? நானூறு ஸ்டிக்கர் அடித்தான். 'மோட்டார் நின்றதா? நின்ற இடத்திலிருந்தே தனபாலைக் கூப்பிடுங்கள்.' கீழே பத்து இலக்க நம்பர். டிவிஎஸ் ஃபிப்டியில் ஏறி, இடிகரை, கோவனூர், பாலமலை அடிவாரம் வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலேயே ஒட்டினான். மோட்டார் நின்றால் தோட்டத்துக்காரன் முதலில் பார்ப்பது ஸ்டார்ட்டரைத்தான். அந்த நேரத்தில் கண்ணுக்கு எதிரே தனபால் பெயர் நிற்கும். இந்த யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவனுக்கு நல்ல யோசனை வந்தது, இதுதான்.

மாசி வெயிலில் பதினாறு நாள் அலைந்தான். போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள் என்று எல்லா இடத்திலும் குடித்தான். பதினேழாம் நாள் சளி பிடித்துக்கொண்டது.

ஸ்டிக்கர் வேலை செய்தது. ஒட்டி முடித்த மூன்றாம் நாளே முதல் போன் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே டவர் எடுக்காது. வாசலில் கிடந்த பழைய மோட்டார் கூட்டின் மேல் ஏறி, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் குரல் கேட்கும். ஏறி நின்றான்.

"ஏனுங்க, தனபாலுங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் இடிகரையிலிருந்து பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஏதோ இருக்கறமுங்க. ஊட்ல சௌக்கியமுங்களா? சளி புடிச்சிருந்துதுன்னாங்க, தேவலைங்களா?"

"தேவலைங்க. உங்க பக்கம் மழை கிழை உண்டுங்களா?"

"எங்கீங்க மழை. அந்தப் பக்கம் உண்டுங்களா?"

அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் நாலு மைல். இங்கே பெய்யாத மழை அங்கே எப்படிப் பெய்யும்? இருந்தாலும் கேட்டார்கள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது கடன் கேட்க வந்தவன் செய்கிற வேலை. நல்ல குடும்பத்து மனுஷன் நலம் விசாரித்து, வெயிலை விசாரித்து, பிள்ளைகளை விசாரித்து, பண்ணையத்தை விசாரித்து, கிளம்புகிற நேரத்தில், "அப்பறம் ஒண்ணுமில்லீங்க, மோட்டார் ஓடுலீங்க," என்பான். அந்தக் காலத்தில் செல்போனில் கூப்பிடுகிறவனை விட எடுக்கிறவனுக்குத்தான் செலவு அதிகம். நிமிஷத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல். இடிகரைக்காரர் மோட்டாருக்கு வந்து சேரப் பதினொரு நிமிஷம் ஆயிற்று.

பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிடலாம். ஆனால் நடுவில், "உங்க செவலை மாடு கன்னு போட்டுதுங்களா?" என்று கேட்டது தனபால். போட்ட கன்று கிடாரியா காளையா என்று கேட்டதும் தனபால்தான். ஒரு மரியாதைக்குக் கேட்காமல் எப்படி இருப்பது? நிலையைப் பிடித்த கை மரத்துப்போனது, வாய் மட்டும் நிற்கவில்லை.

மாசம் முடிந்து பில் வந்தது. காயில் கட்டிச் சம்பாதித்ததை எல்லாம் நலம் விசாரித்தே தீர்த்திருந்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறான். மாதத் தவணையில் வைத்துக்கொண்டது ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

பில்லை எடுத்துக்கொண்டு பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போனான். பூத் அமீர் ஹம்சாவினுடையது. ஊரில் போன் கட்டண விவரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பில்லை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ஏனுங்க தனபாலு, இதுல பதினெட்டு நிமிஷம் ஒரு கால் இருக்குதே, அது ஆரு?"

"கோவனூர்ங்க பாய். அவிங்க சம்பந்தி வீட்டுல கொஞ்சம் மனஸ்தாபம்."

அமீர் ஹம்சா பில்லை மடித்துக் கையில் கொடுத்தார். "இங்க பாருங்க. கூப்புடறவங்க நம்பர் உங்க செல்லுல விழுதில்ல? ஒரே ஒரு ரிங் விட்டு வெச்சரச் சொல்லுங்க. நீங்க எடுக்கவே வேண்டாம். நம்பரப் பாத்துட்டு என்ற பூத்துல இருந்து கூப்புடுங்க. உங்களுக்குப் பத்துல ஒரு பங்குதான் ஆகும். அவிங்களுக்குக் காலணா செலவில்ல."

தனபாலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாசலிலேயே இத்தனை அறிவு இருந்தும் ஒரு மாசம் கண்ணில் படவில்லையே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். அன்றைக்கே அடுத்த நானூறு ஸ்டிக்கருக்குச் சொன்னான். 'மோட்டார் நின்றால் ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடவும். உடனே நாங்களே கூப்பிடுவோம். நேரில் அலைய வேண்டாம்.' கடைசி வரி அவனாகச் சேர்த்தது. வாடிக்கையாளர் மேல் ஓர் அக்கறை இருக்கட்டுமே என்று. பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டு போனான். போகிற இடத்தில் எல்லாம் எடுத்தால் தனக்கு எவ்வளவு காசு போகிறது என்பதையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், மோர் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு நாளில் மூன்று தடவை மணி அடித்தது. மூன்று தடவையும் தனபால் பாய்ந்து எடுத்துவிட்டான். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது, வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்புகிற மாதிரி அவனுக்குப் பட்டது. இது சரிப்படாது என்று போனை அட்டை டப்பாவுக்குள் போட்டு மூடி, டப்பாவைக் கொண்டுபோய் வாசலில் வைத்தான்.

அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை.

ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. டப்பாவைத் திறந்து, போனைக் குலுக்கிப் பார்த்தான். பூத்திலிருந்து தானே தன் நம்பருக்குப் போட்டுப் பார்த்தான். நன்றாக அடித்தது. பத்து நாளாயிற்று. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மின்சாரம் ஒழுங்காக வருவதில்லை, வந்தாலும் வோல்டேஜ் இல்லை. மோட்டார்கள் கருகாமல் இருக்க முடியாத காலம். கருகுகின்றன, தன்னிடம் வரவில்லை. அப்படியென்றால் எங்கே போகின்றன? கண்ணாடிக் கதவுக்குத்தான் போகின்றன. வேறு என்ன நினைப்பான்?

சித்திரைக்கு மூன்று நாள் இருக்கும்போது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சாந்தாமணியிடம் சொன்னான். "உங்கண்ணன் கடைக்கே போயரலாமுன்னு இருக்கறேன் அம்மணி. நமக்கு ஏவாரம் வராது. வித்தை மட்டும் இருந்து என்ன பண்றது?"

சாந்தாமணி ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். "எங்கண்ணன் கடைன்னா எனக்குச் சந்தோசந்தானுங்க. ஆனா தெனமும் பொழுதோட அங்கிருந்து ஊட்டுக்கு வர்றப்ப நீங்க என்ன மூஞ்சியோட வருவீங்கன்னு நெனச்சாத்தான் எனக்குத் தாங்கலீங்க," என்றாள்.

தனபால் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் காலையில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், பழைய துணி, பிளேடு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினான். செல்போனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். இல்லாத நம்பரை நம்பி நாளைக்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பாவம். ஒட்டியவனே உரிப்பதுதான் நியாயம். ஒட்டும்போது பதினாறு நாள், உரிக்க எத்தனை நாளோ என்று நினைத்துக்கொண்டே முதலில் கோவனூர் கருப்பாத்தாள் தோட்டத்துக்குப் போனான்.

கருப்பாத்தாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒண்டி ஆளாய் இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தாள். தனபால் வண்டியை நிறுத்தியபோது, கிணற்று மேட்டில் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றை ஒட்டி நாலு வரிசைச் செடி பச்சையாக இருந்தது. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செடி துவண்டு, இலை சுருண்டு கிடந்தது. காய்கள் வெயிலில் வெந்து வெளுத்திருந்தன.

"வாங்க கண்ணு. நல்லா இருக்கீங்களா? சித்த நெழலுக்கு வாங்க, மோரு கொண்டாறேன்," என்றாள்.

"மோரு இருக்கட்டுமுங்க பெரியம்மா. மோட்டாரு ஓடுலீங்களா?"

"ஓடுலீங்க கண்ணு. ஒம்பது நாளாச்சு."

ஒன்பது நாள். "எங்களக் கூப்புடறதுதானுங்க?"

"கூப்புடலாம்னுதானுங்க பக்கத்துத் தோட்டத்து மாரியாத்தா ஊட்டுக்குப் போயி ரெண்டு தடவ போன எடுத்தேன். ஒரு ரிங் விட்டு வெச்சரோணும்னு ஒட்டியிருந்தீங்களே, அது எப்படிங்க கண்ணு முடியும்? ஒருத்தர வாங்கன்னு கூப்புட்டுப்போட்டு, அவிங்க திரும்பறதுக்குள்ள முதுகக் காட்டிட்டுப் போறதுங்களா? எனக்கு மனசே வர்லீங்க. மணி அடிக்கறதுக்கு முந்தியே வெச்சுப்போட்டேன்."

"அடிக்க உட்டிருந்தா நான் எடுத்திருப்பனுங்களே?"

"எடுத்தா உங்களுக்குக் காசு போவும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அப்ப நேர்லயாச்சும் வந்திருக்கலாமில்லீங்க?"

"நேர்ல அலைய வேண்டாம்னு அடியில போட்டிருக்குதே. மாரியாத்தா பேரன் படிச்சுச் சொன்னான். வேண்டாம்னு சொன்ன எடத்துக்கு எப்படிங்க வந்து நிக்கறது?"

"பெரியநாயக்கன்பாளையத்துல எங்க மச்சான் கடை இருக்குதுங்களே. அங்க போட்டிருந்தா அன்னிக்கே ஓடியிருக்குமே!"

கருப்பாத்தாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "வெயில்ல வந்து ஒட்டிட்டுப் போனீங்க. எங்கூட்டு மோரக் குடிச்சீங்க. அப்பறம் வேற ஆளுகிட்டப் போனா நாளைக்கு உங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கறது? நான் மட்டுமில்லீங்க, மாரியாத்தா ஊட்டு மோட்டாரும் கெடக்குது, மேக்கால தோட்டத்துதும் கெடக்குது. இந்தச் சுத்துல ஒரு பத்துப் பதினொண்ணு இருக்குமுங்க. எல்லாரும் நீங்களா இந்தப் பக்கம் எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டு இருக்கறம்."

இதைக் கேட்டுத் தனபால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கடைக்காரனுக்கு இப்படி வாடிக்கை கிடைக்கும்? அவனுக்கு வெட்கம்தான் வந்தது. காய்ந்து கிடந்த ஒன்றரை ஏக்கரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மைக் கட்டியபோது போனது தன் மானம், பில் வந்தபோது போனது தன் காசு, இரண்டையும் சொல்லிச் சிரித்துவிடலாம். இது இன்னொருத்தி குடம் குடமாய்ச் சுமந்தும் காப்பாற்ற முடியாமல் போன வெள்ளாமை. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

"என்னைத் திட்டுங்க பெரியம்மா," என்றான். "நாலு வார்த்தை திட்டிருங்க. நானெல்லாம் ஒரு ஆளுன்னு..."

"திட்டறதுக்கு என்னங்க இருக்குது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்றனுங்க கண்ணு. காசு போகுதுன்னா வெடுக்குன்னு ரெண்டு வார்த்தை பேசி நீங்க வெச்சிருக்கலாமுல்லங்க? என்ற சம்பந்தி ஊட்டுச் சண்டையெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டது நீங்கதானுங்களே. உங்களால வெக்க முடியல. எங்கள வெக்கச் சொன்னா எப்படிங்க?"

திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் மணி அடித்தது. வெட்டவெளி, டவர் முழுசாக இருந்தது. பழக்க தோஷம், எடுத்துவிட்டான்.

"மாப்ள, செங்கோட்டையன் பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா? சாந்தாமணி சௌக்கியமுங்களா? அப்பறம், நாளன்னிக்குக் காலைல ஒம்பதுல இருந்து பத்தரை நல்ல நேரமுங்க. அய்யருகிட்டக் கேட்டுப்போட்டேன். சாமி படத்துக்கு மாலையும் சொல்லியாச்சு. நீங்க ஒரு எட்டரைக்கெல்லாம்..."

தனபால் தக்காளிக் காட்டைப் பார்த்தான். வழக்கமான பதில் வாயில் வந்து தயாராய் நின்றது. அதைச் சொல்லிவிட்டால் மச்சான் இன்னும் அஞ்சு நிமிஷம் அன்பாகப் பேசுவார், அதற்குள் எல்லாம் முடிவாகிவிடும். அதை விழுங்கினான்.

"மச்சான், நான் வரமாட்டனுங்க. எனக்கு என்ற கடையே போதும். மோட்டார் பதினொண்ணு கெடக்குது. வெச்சர்றனுங்க."

பட்டனை அழுத்தினான். எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் போனை வைத்தது அதுவே முதல் தடவை.

"வெச்சுப்போட்டீங்களா?" என்றாள் கருப்பாத்தாள்.

"வெச்சுப்போட்டனுங்க."

"ஆருங்க?"

"மச்சானுங்க. சம்சாரத்தோட அண்ணன்."

கருப்பாத்தாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! மொதல்ல போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க கண்ணு. மோட்டாரு எங்கயும் ஓடிப்போயிராது."

"ஓடாமப் போனதாலதானுங்க இத்தனையும்," என்று தனபால் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். மோட்டாரைத் தூக்கி வண்டியின் முன்பக்கம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். ஸ்டிக்கரையும் உரித்தான், அடியில் 'கூப்பிடுங்கள்' என்கிற பழைய ஸ்டிக்கர் தெரிகிற வரைக்கும். பெரியநாயக்கன்பாளையம் எப்படியும் வழியில்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது செங்கோட்டையன் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வாடியிருந்தது. தனபாலைப் பார்த்ததும் அதைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க மாப்ள. பேசிட்டு இருக்கறப்பவே லைனு அந்துபோச்சுங்க. ஒண்ணுமே சரியாக் கேக்கல. செல்லுன்னா அப்படித்தான்," என்றார்.

தனபாலுக்குப் புரிந்தது. தப்பிக்க அவரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நுழைந்துவிட்டால் போதும். போன் பேச்சே நடக்காத மாதிரி இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பழையபடி ஆகிவிடலாம். அவர் நல்ல மனுஷர் என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. இந்த நிமிஷம் அது நெஞ்சை அறுத்தது.

"லைன் அந்துபோகலீங்க மச்சான். நாந்தான் வெச்சேன்," என்றான். "நீங்க பேசிட்டு இருக்கறப்ப வெச்சது தப்புங்க. அதுக்கு நீங்க என்னை மன்னிச்சரோணும். வரமாட்டேன்னு சொன்னதுக்கு இல்லீங்க."

வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் நிமிரவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் நின்றுபோயிற்று. செங்கோட்டையன் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார்.

"லைன்தான் அந்துபோச்சுன்னு நானே சொன்னனே மாப்ள," என்றார் தாழ்ந்த குரலில். "அத அப்படியே உட்டிருக்கலாமுல்ல?"

"உட்டிருக்கலாமுங்க மச்சான். உட்டா, நாளன்னிக்குக் காலைல எட்டரைக்கு நான் இங்க வந்து நிப்பனுங்க."

செங்கோட்டையன் எழுந்து வந்து, கண்ணாடிக் கதவைத் தானே இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மோட்டாரு வெயில்ல கெடக்குதுங்க. போங்க," என்றார்.